மூன்று லிட்டர் தண்ணீரும் ஒரு சாவியும்

ஆயுர்வேத டாக்டரிடம் வருகிற எல்லோருமே ஏற்கெனவே பாதி டாக்டர்தான். மீதிப் பாதிக்குத்தான் நாங்கள். சிறுநீரகத்தில் கல் சுமக்கும் சக ஜீவன்களே, எனக்கும் நாலு மில்லிமீட்டரில் ஒன்று இருக்கிறது. அந்த உரிமையில்தான் நம் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

விபூதி டப்பா

மந்தைவெளியில், மீன் மார்க்கெட்டுக்கு நாலு கடை தள்ளி என் கிளினிக். மயிலாப்பூர் மாமா ஒருவர் வந்து வெள்ளி விபூதி டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே மிளகு சைஸில் கல்! வெளியே வந்ததைக் கழுவி, பூஜை அறையில் வைத்திருந்தாராம். என் சிறுபீளைக் கஷாயம் வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். சீல்கூட உடைக்கவில்லை.

"ஆத்துல வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சிண்டிருந்தேன், அதுலயே வந்துடுத்து. இதை வேற யாருக்காவது குடுங்கோ, பாவம்."

கத்தியது நான்

ரோஸி அந்த மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இழுக்கும் வலி, மூத்திரத்தில் எரிச்சல். ஸ்கேனில் ஆறு மில்லிமீட்டர். நெருஞ்சில் கஷாயமும், தினம் மூன்று லிட்டர் தண்ணீரும் எழுதினேன். சிறுநீரை அடக்கக் கூடாது என்பது எங்கள் படிப்பில் அரிச்சுவடி, அதையும் ஒப்பித்தேன். பத்தாம் நாள் வந்தார். கஷாயம் ஒரு வேளை தப்பவில்லை, தண்ணீரைத்தான் தொடவில்லை. எனக்கு வந்ததே கோபம்! ஏம்மா இப்படிப் பண்ணுகிறாய் என்று கத்திவிட்டேன்.

"காலைல குந்துனா மதியம்தான் எய்ந்திருப்பேன். மூணு லிட்டரு குடிச்சிட்டு எங்க போறது? மார்க்கெட்ல எங்களுக்கு கக்கூஸ் எங்க கீது, நீயே சொல்லு டாக்டரம்மா."

சாவி

அடுத்த வாரமே ரோஸி குளிர்காய்ச்சலோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. கல்லோடு காய்ச்சல் சேர்ந்தால் கஷாயத்துக்கு அங்கே வேலை இல்லை. அதே ஆட்டோவில் நானும் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கிட்னி போய்விடுமோ என்று அன்று முழுக்க உயிர் என்னிடம் இல்லை. நல்லவேளை, பிழைத்தது, கல்லையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் திரும்பி வியாபாரத்துக்கு வந்த அன்று, கிளினிக்கின் பின்பக்கக் கழிவறைச் சாவியைக் கையில் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் பாட்டிலும் கையுமாக வந்தார், பின்னால் நாலு மீன்காரப் பெண்கள்.

"புதுக் கல்லு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க டாக்டரம்மா. இவுங்களுக்கும் ஒரு சாவி போட்டுக் குடு, கஷாயம்லாம் வாணாம்."

பதினைந்து வருஷத்தில் கல்லுக்கு நான் கொடுத்ததிலேயே கைகண்ட மருந்து, தெருமுனையில் போட்டு வாங்கிய அந்த டூப்ளிகேட் சாவிதான்.