குதிரை விடுகிறவர்

நான், என் வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தனார், அவர் மனைவி, பிள்ளைகள் ஐந்து பேர். காலையில் திருப்போரூர் முருகன் கோயிலில் வேண்டுதல்படி ஐந்து பிள்ளைகளுக்கும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசினோம். அங்கிருந்து வேனில் மகாபலிபுரம் போனோம்.

கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மணலில் ஆடினார்கள். கிளம்பும்போது மாமியார் மொட்டைகளைத் தொட்டு எண்ணினார். ஐந்து இருந்தது. வேனில் ஏற்றும்போதுதான் பார்த்தேன், ஒன்று வேறு யாரோ பெற்ற பிள்ளை. என் மூன்று வயது மகன் இல்லை.

வீட்டுக்காரர் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பெற்றவர்களைத் தேடி ஒரு பக்கம் ஓடினார். நான் கரைக்கு ஓடினேன். அங்கே குதிரை சவாரி விடுகிற ஒருவர் நின்றார். கறுத்து மெலிந்த ஆள். என்னோடு பேசும்போதும் கண்ணை அலையிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னாம்மா?"

"புள்ளையக் காணோம்ண்ணா. மொட்டை போட்டிருக்கு."

"இன்னிக்குக் கிருத்திகை. பீச்சு பூரா மொட்டைதான் கீது. உம்புள்ள மூஞ்சி எனக்கு இன்னா தெரியும்? குதிரைல ஏறு."

"பொடவையோடவா?"

"பொடவையப் பாத்துகினு நிக்கிற நேரமா? ஏறும்மா!"

ஏறினேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடினார். எத்தனையோ மொட்டைகளைப் பார்த்தேன். எதுவும் என் பிள்ளை இல்லை. கடைசியில் மீன் படகுகளுக்குப் பின்னால், வலைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு, "இப்படி அடிக்கடி தேடுவீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இவனோட ஒம்போது புள்ளைங்க."

"எல்லாம் கெடச்சுதா?"

அவர் குதிரையை அலைப் பக்கம் திருப்பினார்.

"எட்டு."