படிக்காமல் விட்ட பக்கம்

எண்பதுகளின் நடுவில் ஒரு படிவம் எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்து நாள் கிடந்தது. கோலாலம்பூரில் எனக்குப் பல்கலைக்கழக இடம். அப்பா கையெழுத்துப் போட்டால் போவேன். இல்லையென்றால் ஜெராம் சாலையும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டமும் கடல்காற்றும்தான் நான்.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், தோட்டத் தொழிற்சங்கக் கிளையின் செயலாளர். படிப்பின் மேல் கோபமில்லை, படித்தவர்கள் மேல்தான்.

"யூனிவர்சிட்டின்னா என்னா? தொரைக்குக் கிராணி செய்யிற பெக்டரிலா அது. நாளைக்கு நீயும் நம்மாளுங்கள ஆபீஸ் வாசல்ல நிக்க வெப்ப." கிராணி என்றால் தோட்ட ஆபீஸ் எழுத்தர்.

நூலகத்திலிருந்து, பல்கலைக்கழகங்கள் பிறந்த கதையைச் சொல்லும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் எடுத்துவந்தேன். சாயங்காலம் அவர் அரிவாள் தீட்ட, நான் தமிழாக்கிப் படித்தேன். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில், பல ஊர்களிலிருந்து வந்த மாணவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். வாடகையை ஏற்றவிடவில்லை. வாத்தியார்களைத் தாங்களே அமர்த்தினார்கள். பிந்தி வந்த வாத்தியாருக்கு அபராதம்.

தீட்டும் சத்தம் நின்றது. "வாத்தியாருக்கேவா?"

"ஆமாப்பா."

விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கிளைக் கூட்டத்திலும் அதே சட்டம்: பிந்தியவர் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்க வேண்டும். "அப்ப அது யூனியன்லா, பாப்பா!"

அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த பக்கம் வேறு கதை. நகராட்சி சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் மாணவர்களின் பிடி தளர்ந்தது. பல்கலைக்கழகம் அரசர்களுக்கும் திருச்சபைக்கும் அதிகாரிகளைத் தயாரிக்கும் இடமானது. பிறகு ஆராய்ச்சிக்கு, பிறகு உத்தியோகத்துக்கு ஆள் தயாரிக்கும் இடம்.

மறுநாள் புத்தகத்தைக் காணோம். மீதியைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் அப்பா அதைக் கிராணியிடமே தூக்கிக்கொண்டு போயிருந்தார். சங்கத்துச் சண்டைக்கு மட்டும் படியேறிய ஆபீசுக்கு, கதை கேட்க! யாழ்ப்பாணத்துக்காரரான கிராணி பொறுமையாகப் படித்துச் சொன்னாராம்.

வந்து என் எதிரே உட்கார்ந்தார். "அடுத்த பக்கத்த ஏன் முழுங்குன?"

"நீங்க விடமாட்டீங்கன்னு."

"நம்ம யூனியன் மட்டும் என்னா? மேல உள்ளவனுக்குக் காரு வந்ததும் நம்மள மறந்துட்டான். அதுக்காக ஆள் சேக்காம விட்டமா? உள்ளுக்கு நம்ம ஆள் இருந்தாத்தான கேள்வி கேக்க முடியும்."

சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் படிவத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நல்ல பேனா வந்தது.

"சீக்கிரம் காட்டு, எங்க போடணும்? கிராணியோடது, திருப்பிக் குடுக்கணும்."

இப்போது நானே வாத்தியார். வகுப்புக்கு நான் பிந்தும் நாட்களில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறேன். ஏன் என்று கேட்பார்கள். சொல்வேன், அடுத்த பக்கத்தையும் சேர்த்து.