தலைகீழாகத் தின்ற சாம்பல் பறவை

2006 மார்ச், ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறினேன். மரக்காணம் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். பிள்ளைகளா, மறுநாள் பரீட்சை இருந்ததால் உங்களை அழைத்துப் போகவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

கழுத்தில் உங்கள் மாமா துபாயிலிருந்து அனுப்பிய பைனாகுலர். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "பறவை பாக்கவா? டிவி பாக்கறதில்லையா பாய்? கிட்ட போயிடாதீங்க" என்றார். பறவைக் காய்ச்சல் பயம் எங்கும் பரவியிருந்த நேரம் அது. நம் வீட்டிலேயே முட்டை வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்ததே!

ஏழு மணிக்கு உப்பளம் போய்ச் சேர்ந்தேன். கடல்நீர் தேக்கும் பெரிய பாத்தியில் ஒரு பறவை தனியாக நின்றது. என் இடுப்பு உயரம், அழுக்குச் சாம்பல் நிறம். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் ஆட்டி, காலால் மிதித்து மிதித்துச் சுற்றியது.

வரப்பில் உப்பளத்து ஆட்கள் இரண்டு பேர். கன்னியப்பன் கையில் சவுக்குக் கழி, அவன் தம்பி கையில் வலை. "கழுத்து திருகிக்கிச்சு பாரு, வலிப்பு" என்றான் கன்னியப்பன்.

கூட இருந்த வசந்தா, உப்பு வாருகிறவள், அவசரப்படுத்தினாள். "அடிச்சுப் பொதைச்சிடுங்கடா. ஆபீசருங்க காதுக்குப் போச்சுன்னா எல்லாத்தையும் கொன்னுடுவாங்க, ஊர்ல ஒரு கோழி மிஞ்சாது. என் கோழிங்கதான் பொண்ணோட ஸ்கூல் பீசு."

பைனாகுலரில் பார்த்தேன். அலகு நடுவில் மடங்கியிருந்தது. அது பூநாரையின் அலகு. ஆனால் பூநாரை வெள்ளையும் ரோஸுமாக அல்லவா இருக்கும்? குஞ்சு சாம்பலாக இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். உண்மையிலேயே நோயாக இருந்து நான் தடுத்துவிட்டால்?

"பூநாரைக் குஞ்சு மாதிரி இருக்குது" என்றேன்.

"இந்த உயரத்துல குஞ்சா? ஒட்டகத்துக்குப் பொறந்துச்சா பாய்?" என்றான் கன்னியப்பன்.

"கடைசிப் பாத்தியில பெருசுங்க நிக்குது. அதுங்க எப்படித் தின்னுதுன்னு பாத்துட்டு வந்துடலாம். கொஞ்சம் பொறுங்க."

வசந்தா யோசித்தாள். "நான் போய்ப் பாக்கறேன். டேய், நான் கை காட்டினா அடி. அதுவரைக்கும் தொடாத."

வழுக்கும் வரப்பில் நடந்தோம். கிட்டே போனால் பறந்துவிடும் என்று தூரத்திலேயே குந்தினோம். பைனாகுலரை அவளிடம் கொடுத்தேன். கூட்டம் முழுவதும் தலை நிமிர்ந்து நின்றது. ஒன்றுகூடத் தின்னவில்லை. பின்னால் கன்னியப்பன் தண்ணீரில் இறங்கிவிட்டான். வசந்தாவின் கை பாதி உயர்ந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று கெஞ்சினேன்.

அப்போது ஒரு பூநாரை கழுத்தைத் தாழ்த்தித் தலையைக் கவிழ்த்தது. மிதித்து மிதித்துச் சுற்றியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே.

"அய்யோ, எல்லாம் அதே மாதிரி திருப்புது! நடுவுல சாம்பல் குஞ்சு ரெண்டு இருக்குது பாய்!" வசந்தா துள்ளி எழுந்தாள். "டேய், வுட்றா!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையையும் ஆட்டினாள்.

எதிர்க்காற்றில் சத்தம் போகவில்லை. கைதான் தெரிந்தது. கன்னியப்பன் கழியை ஓங்கிவிட்டான்!

பறவை ஓடியது. தண்ணீர் தெறிக்கத் தெறிக்க நீளமாக ஓடி, விழுந்துவிடும் என்று நான் நினைத்தபோது இறக்கை விரித்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே பறந்து கூட்டத்தில் இறங்கியது. இறங்கியதும் தலையைக் கவிழ்த்துத் தின்ன ஆரம்பித்தது.

வசந்தா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நோயில்லன்னு சொன்னீங்களே பாய், என் கோழி முட்டையை வாங்கிப்பீங்களா? ஒரு மாசமா ஒருத்தரும் வாங்கல."

நம் வீட்டில் முட்டை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு குடும்மா" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் கைக்குட்டையில் கட்டிய முட்டைகள் மடியில் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தவர் முட்டையைப் பார்த்ததும் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

நாளை மதியம் பரீட்சை முடிந்து வருவீர்கள். அம்மா அந்த முட்டைகளை நன்றாக வேகவைத்து வைத்திருப்பாள். முதல் முட்டையை நான் தின்கிறேன். பார்த்துவிட்டு நீங்கள் தின்னுங்கள்.