விரலுக்கு அடியில் ஒரு x

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடை மாடியில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். சென்டர் வேறொருவருடையது. பிள்ளைகள் அவரை சார் என்பார்கள். சம்பளம் வாங்கிய பாவத்துக்கு நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அந்த மாடியின் சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சுற்றிலும் பாறையாக நிற்கும் ஊரில் அதற்கெல்லாம் முகம் சுளித்தால் ஆகாது. எனக்குக் குமட்டியது அங்கே நடந்த விரல் கணக்கு.

தொகையிடலில் பகுதிப் பின்னம் என்று ஒரு பாடம். கீழே இரண்டு காரணிகள் பெருக்கலில் இருக்கும் பின்னத்தை இரண்டு சின்னப் பின்னங்களாக உடைத்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக் எழுதி முடித்துவிடலாம். உடைப்பதற்கு சார் சொன்ன வழி: ஒரு காரணியை விரலால் மூடு, அதைப் பூஜ்யமாக்கும் எண்ணை மீதியில் போடு. வழி தப்பில்லை. ஆனால் மேலே இருப்பதன் படி, அதாவது x-இன் அடுக்கு, கீழே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். அதை நான் சொல்ல ஆரம்பித்தாலே, "டைம் வேஸ்ட்மா" என்பார். பிள்ளைகளுக்கு மூடி மூடி விரல் நுனியெல்லாம் பேனா மை. விடையை வேறு ராகம் போட்டுக் கோரஸாகச் சொல்ல வைப்பார். தூ, கணக்கா அது?

ஒரு மாதத் தேர்வில் (x²+1)/((x−1)(x−2)) என்பதைத் தொகையிடச் சொல்லியிருந்தார். மேலேயும் இருபடி, கீழேயும் இருபடி. அவர் அச்சடித்துக் கொடுத்த விடையில் இரண்டு லாக் மட்டும்தான். வகுப்பே அதைத்தான் எழுதியிருந்தது. அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் மட்டும் வகுத்துவிட்டு, விடையின் முன்னால் ஒரு x சேர்த்திருந்தாள். ஓரத்தில், உடைத்தது சரிதானா என்று x-க்குப் பூஜ்யம் போட்டும் பார்த்திருந்தாள். கேள்வியில் அரை வருகிறது, விரல் கணக்கில் மைனஸ் அரை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். சார் அதை அடித்துவிட்டு முட்டை போட்டார். மாதத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களைத்தான் முதல் பேட்ச் என்று முன்பெஞ்சில் உட்காரவைப்பார்.

மறுநாள் வந்து நின்றாள். "முதல் பேட்ச்ல வரலன்னா டியூஷன நிறுத்திடுவேன்னு நைனா சொல்லிட்டாரு மிஸ்." அவள் பள்ளியில் அந்த வருடம் கணக்குக்கு ஆளே இல்லை. இந்த மாடியை விட்டால் அவளுக்குக் கணக்கே கிடையாது.

சாரிடம் போனேன். "அந்தப் பொண்ணு போட்டதுதான் ரைட்டு சார். வகுக்கணும்."

"எனக்குத் தெரியாதா இன்னா?" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. "அச்சடிச்சுக் குடுத்தாச்சு. இப்போ போய் தப்புன்னு சொன்னா பசங்க மதிப்பாங்களா? ஊரோட ஒத்துப் போம்மா."

தெரியாமல் செய்திருந்தால்கூட விட்டிருப்பேன். தெரிந்தே செய்கிறார். பாதி சாப்பிட்ட சோற்றில் பல்லியைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

"அவ டியூஷன் நின்னுடும் சார்."

"நிக்காது. நான் பாத்துக்கறேன்."

சாயந்திரம் எல்லார் முன்னாலும் அவளை எழுப்பினார். "விடையப் படி. ஆன்சர் கீயில இருக்கற மாதிரி வந்தா முதல் பேட்ச்."

அவள் தன் தாளை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ எழுதினத அப்படியே படிம்மா," என்றேன்.

"மிஸ்ஸா மார்க் போடப் போறாங்க?" என்றார் சார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் இடது கை ஆட்காட்டி விரலை, அந்த மை படிந்த விரலை, தன் விடையின் முதல் எழுத்தின் மேல் வைத்தாள். x மறைந்தது. மீதியைப் படித்தாள். "மைனஸ் டூ லாக் எக்ஸ் மைனஸ் ஒன், பிளஸ் ஃபைவ் லாக் எக்ஸ் மைனஸ் டூ, பிளஸ் சி."

வகுப்பு ராகத்தோடு திருப்பிச் சொன்னது. "வெரி குட், முன்னாடி வா" என்றார் சார்.

முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை.