மணியில்லாத மணியோசை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாக்காரர் ஒருவர் பியானோவுக்கு மட்டுமென எழுதிய இசை அது. ஊரைப் பிரிந்த ஒருவன் மலையடிவாரத்தில் மாலை மணியோசை கேட்டு வீட்டை நினைக்கிறானாம். கிழக்கிலங்கையின் கல்முனையில், தெருவோர வீட்டில், ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணி என் மகளுக்கு அதைப் பழக்கினார். எல்லாருக்கும் அவர் 'மிஸ்'. வலது கையில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும். அதுதான் மணி. மகளுக்கு அது மாதக்கணக்கில் கட்டையாகவே விழுந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. தமிழருக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் மூண்ட கலவரம் சற்று அடங்கியிருந்தது. ஆனாலும் கோயில் மணி நேரம் தப்பி அடித்தால், ஆள் திரட்டுகிறார்கள் என்று எங்களவர் ஓடுவர். பள்ளிவாசல் ஒலிபெருக்கி நேரம் தப்பி முழங்கினால் அவர்கள் ஓடுவர்.

அன்று ஹர்த்தால், முழுக் கடையடைப்பு. மகளின் பியானோ வாசிப்புச் சோதனை நெருங்கிவிட்டதால் அவளை நானே கூட்டிப்போனேன். தெருவில் ஒரு வாகனமும் இல்லை. புழுக்கத்துக்கு ஜன்னலில் பாதியைத் திறந்திருந்தார்கள். அன்றுதான் அந்தச் சுரம் மணியாகவே ஒலித்தது. மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

கல் வந்து விழுந்தது. மூடியிருந்த கண்ணாடி சிதறி மகளின் புருவத்தைக் கிழித்தது.

வெளியே ஓடினேன். தடி பொல்லுகளோடு எங்களவரில் ஐந்தாறு பொடியன்கள். ஒருவன் என்னிடம் படித்தவன்.

"மணியடிச்சி ஆக்களக் கூப்பிடுறாங்க எண்டு நெனச்சிட்டம் டீச்சர்."

மறுநாள் அவன் தோடம்பழப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். என் கணவர் அவனுக்குத் தேநீர் கொடுத்தார். பியானோவுக்குப் பயந்த கதையைச் சொல்லி ஊர் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தது.

"நம்மட புள்ள எண்டு தெரிஞ்சிருந்தா எறிஞ்சிருப்பமா?" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

கட்டுப்போட்ட முகத்தோடு மகள் கேட்டாள்: "அப்ப மிஸ்ஸுக்கு எண்டா எறியலாமா?"

பெரியவர்கள் கதைக்கும்போது உள்ளே போகும்படி என் கணவர் அவளை அதட்டினார். அவனை யாரும் அதட்டவில்லை.

காயம் சோதனைக்கு முன்பே ஆறிவிட்டது. மறுபடி கூட்டிப்போனேன். மற்றதெல்லாம் பிசகாமல் வாசித்தாள். மணி வரும் இடத்தில் நின்றாள். தொடக்கத்திலிருந்து வாசித்தாள். அங்கேயே நின்றாள்.

"அந்த எடம் வந்தா கை போகுதில்ல உம்மா."

அவளைச் சோதனைக்கு அனுப்பவில்லை. மிஸ்ஸும் வற்புறுத்தவில்லை. அவள் தயங்கிய ஒவ்வொரு முறையும், அவர் அவளுடைய விரல்களைப் பார்க்காமல் ஜன்னல் வழியே தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.