பால் காய்ச்சிய நாளும் பாய் விரித்த நாளும்

கைக்குட்டையால் மேசையை இரண்டு தரம் துடைத்து, பக்கத்தில் இருப்பவரின் தேநீர்க் கோப்பையையும் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டுத்தான் றெமிஜியஸ் பேனையைத் திறப்பார். பெரும்பாலும் அந்தக் கோப்பை என்னுடையது. பிரான்சில், எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பலில், சனிக்கிழமைகளில் அந்தத் தேநீர்க் கடைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. நான் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறேன்.

மன்னார்க்காரர், ஐம்பத்தெட்டு வயது. வாரநாட்களில் லா கூர்னெவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். சனிக்கிழமை ஊராரின் வரிப் படிவங்களை நிரப்புகிறார். கூலி இரண்டு மட்டன் றோல்ஸ். அதையும் கடைசிக் கடதாசி உறைக்குள் போன பிறகுதான் தொடுவார். எண்ணெய் விரலோடு அரசாங்கத்துக்கு எழுதக்கூடாதாம்.

வீடு மாறியவர்கள் வந்துவிட்டால் மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிடும். எங்கள் சனத்திடம் எப்போது குடிபோனீர்கள் என்று கேட்டால், நல்ல நாள் பார்த்துப் புதுவீட்டில் பால் காய்ச்சிய தேதியைச் சொல்வார்கள். சட்டி பானை போய்ச் சேர்வது அதற்கு எத்தனையோ நாள் கழித்து. "பால் காய்ச்சின நாளை விடுங்கோ. பாய் விரிச்ச நாளைச் சொல்லுங்கோ" என்பார். இதற்காகவே, ஞாயிறு பூசை தவறவிடாத இந்தக் கத்தோலிக்கர் பலசரக்குக் கடையில் பஞ்சாங்கக் கலண்டரை வருடாவருடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். ஆடி எப்போது பிறக்கிறது என்று கேட்டால் ஐயருக்கு முந்திச் சொல்வார்.

2015 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இந்திராதேவி லண்டனிலிருந்து ஒரு பை நிறையக் கடதாசியோடு வந்தார். முந்தின வருடம் ஓல்னே-சூ-புவாவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, லண்டனில் தமையன் வீட்டு மேல்மாடிக்குக் குடிபோனவர். அந்த வருடத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. வரிப் படிவத்தைத் தானே இணையத்தில் நிரப்பியிருந்தார். பிரான்சை விட்டுப் போன நாள்: பெப்ரவரி ஒன்பது. வீடு விற்றதோ யூலையில். குடியிருக்கும் வீட்டை விற்றால் லாபத்துக்கு வரியில்லை. ஐந்து மாதம் முன்பே விட்டுப்போன வீட்டை எப்படிக் குடியிருந்த வீடு என்கிறீர்கள் என்று வரி அலுவலகம் கடிதம் போட்டிருந்தது. "இருவது வருசம் ஒபிஸ் கூட்டித் துடைச்சு வாங்கின வீடு அண்ணை" என்றபோது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

"ஏன் தங்கச்சி பெப்ரவரி எண்டு போட்டனீங்கள்?"

"வீடு கைமாற ஆடியாகும் எண்டிச்சினம். ஆடியிலை பால் காய்ச்சேலாதெல்லோ அண்ணை. அதான் தையிலையே போய்க் காய்ச்சிப்போட்டு அண்டைக்கே திரும்பி வந்திட்டன். அடுத்தநாள் வேலை."

"திரும்பி வந்ததுக்குக் கடதாசி இருக்கோ?"

சம்பளத் துண்டுகள் இருந்தன. மின்சார பில் இருந்தது. றெமிஜியஸ் எல்லாவற்றையும் அடுக்கினார், ஆனால் திருப்திப்படவில்லை. "இதுகளும் நல்லதுதான். நீங்கள் வந்திறங்கினதைச் சொல்லுற ஒண்டு வேணும்." இந்திராதேவி கைப்பையை மேசையிலேயே கொட்டினார். மருந்துச் சீட்டு, சீப்பு, சாவி, கூடவே சின்னதாய் மடித்த ஒரு தாள். "இது பால் காய்ச்சேக்கை வைச்ச திருநீறு" என்று அதை மட்டும் ஒதுக்கினார்.

றெமிஜியஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த மடிப்பின் வெளிப்பக்கத்தை வாசித்தார். லண்டனிலிருந்து இங்கே கார் து நோர் ரயில் நிலையத்துக்கு. ஞாயிறு, பெப்ரவரி ஒன்பது, இரவு ரயில். இந்திராதேவியின் பெயர்.

"கடவுளே!" என்றார். யாருடைய கடவுள் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு, திருநீற்றை அதற்கு மாற்றி மடித்து, இரண்டு கையாலும் இந்திராதேவியிடம் கொடுத்தார். டிக்கெட்டை நீவி, வரி அலுவலகக் கடிதத்தின் மேல் குண்டூசியால் குத்தினார். "இது காணும் தங்கச்சி, வேறொண்டும் வேண்டாம். இனி அழாதேங்கோ." இந்திராதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு றோல்ஸ் வாங்க எழும்பினார்.

றெமிஜியசின் விரல் நுனியில் கொஞ்சம் திருநீறு ஒட்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்தார். பிறகு அதைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, அந்த விரலாலேயே நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்.