சந்தனப் பொட்டும் பெற்றோல் மூடியும்

என் அண்ணன் ஏரம்புவின் வலது கையை ஒரு முதிரை மரக் குற்றி நசுக்கியது அறுபத்து நான்காம் ஆண்டு மாசியில். விரல்கள் இருந்தன, பிடிதான் போய்விட்டது. தச்சு வேலை செய்கிறவருக்குப் பிடியில்லாத கையால் என்ன பிரயோசனம்? உருத்திரபுரத்தில் எல்லோரும் வந்து உச்சுக் கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரக்கப்பட்டவர்களில் ஒருவராவது ஒரு கதிரைக்கால் திருத்தக்கூடக் கூப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, முல்லைத்தீவு வியாபாரி மஸாஹிர் கொழும்பு ஏலமொன்றில் எடுத்த சின்ன ஜெனரேற்றரையும், கரண்டில் ஓடி மரத்தைத் துளைக்கும் துறப்பணம் ஒன்றையும் லொறியில் கொண்டுவந்தார். அண்ணன் ஒரு போகத்து நெல்லைக் கொடுத்து இரண்டையும் வாங்கினார். எங்கள் பக்கம் கரண்ட் கம்பம் எட்டிப்பார்க்காத காலம் அது.

"உனக்கென்ன விசரோ அண்ணை?" என்று கத்தினேன்.

"இடது கை இருக்குத்தானே இரஞ்சிதம். அழுத்திப் பிடிச்சால் அதுவே துளைக்கும்," என்றார்.

வீட்டில் ஓட்டிப் பார்த்தோம். முதிரைப் பலகை வெண்ணெயாகத் துளைபட்டது. நான் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

முதல் வேலை எங்கள் ஊர் நடராசா வீட்டில். புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்க வேண்டும். சட்டங்களை முன்பே இழைத்து வைத்திருந்தார்கள். அண்ணன் அவற்றைப் பொருத்தி, ஆறு துளை போட்டு, மர ஆணி இறுக்க வேண்டும். சுபநேரம் பத்தரையிலிருந்து பதினொரு மணி வரை. அதற்குள் நிலை நிமிரவேண்டும். நடராசா கெட்டிக்காரன், பரந்தனிலிருந்து யோகலிங்கம் என்ற இன்னொரு தச்சரையும் கைத்துறப்பணத்தோடு வரச்சொல்லியிருந்தார். அண்ணன் தோற்று அந்த ஆள் கை வைத்தால், பிறகு எந்த வாசலிலும் அண்ணனுக்கு வேலை இல்லை.

புது மெசின் முதல் வேலைக்குப் போகிறது, பொட்டில்லாமல் அனுப்பலாமா? காலையில் சந்தனம் அரைத்தேன். அதற்கு நெற்றி எது என்று தேடினேன். ஜெனரேற்றரின் மேலே வட்டமாக இருந்த பெற்றோல் மூடிதான் கண்ணில் பட்டது. தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். கஞ்சத்தனம் எனக்குப் பழக்கமில்லை.

நடராசா வளவில் மெசின் அழகாக ஓடியது. இரண்டு துளை முடிந்ததும் விக்கி விக்கி நின்றது. அண்ணன் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துவிட்டு, இடது கையால் கயிற்றை இழுத்தார். ஓடியது, ஒரு துளையோடு மறுபடி நின்றது. மணி பத்தே முக்கால்.

"ஏரம்பு, நேரம் போகுது. யோகலிங்கத்தை விடட்டோ?" என்றார் நடராசா.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் அண்ணன். சட்டையெல்லாம் வியர்வை.

பெற்றோல் முடிந்துவிட்டதோ என்று நான் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது. அண்ணன் அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார்.

"இரஞ்சிதம், இஞ்சை கொண்டா அந்த மூடியை."

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். நடுவில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்று தெரிந்தது. அந்த ஓட்டையால் காற்றுப் போனால்தான் தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்குமாம். மெசினின் மூச்சை நானே அடைத்திருக்கிறேன்! ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா?

"உன்ரை பக்தியிலை மெசின் மோட்சம் போகப் பாத்தது," என்றார். திட்டவில்லை. என் கொண்டை ஊசியை உருவி ஓட்டையைக் குத்திவிட்டு, மூடியைப் பூட்டிக் கயிற்றை இழுத்தார்.

அதன்பிறகு அது நிற்கவேயில்லை. மிச்ச மூன்று துளையும் விழுந்தன. யோகலிங்கமே வந்து ஆணிகளை அடித்துக் கொடுத்தார், நல்ல மனுஷன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க நிலை நிமிர்ந்தது.

தேங்காய் உடைத்துத் தீபம் காட்டியபின் நடராசா வெற்றிலைத் தட்டத்தோடு அண்ணன் முன்னால் வந்தார்.

"ஓடாவியார், கதவும் நீங்கள்தான் செய்து தரவேணும். எப்ப வாறீங்கள்?"

கை நசுங்கியதிலிருந்து என் அண்ணனை யாரும் தச்சருக்குரிய மரியாதையோடு ஓடாவியார் என்று கூப்பிட்டதில்லை. பாவம் ஏரம்பு என்பார்கள், அவ்வளவுதான். அண்ணன் இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினார். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"நாளைக்கே வருவார்," என்றேன் நான்.